போர்டு புருஷோத்தமனும் கங்காவின் ரத்த எண்களும்

எங்கள் கம்பெனியில் போய் புருஷோத்தமன் என்று கேட்டால், எந்தப் புருஷோத்தமன் என்பார்கள். போர்டு புருஷோத்தமன் என்று கேளுங்கள், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியே கையைக் காட்டி அனுப்பிவிடுவார். வல்லம் வடகால் எஸ்டேட்டில் காருக்கு பிரேக் சாமான் செய்கிற கம்பெனி அது. ஒவ்வொரு லைனின் தலைமாட்டிலும் ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். மணிக்கொரு தரம் அதில் மூன்று எண் எழுத வேண்டும். டார்கெட் எத்தனை, செய்தது எத்தனை, பழுதென்று கழித்த ரிஜெக்ட் எத்தனை. லைன் லீடரான புருஷோத்தமன் அண்ணன் அதை எழுதுகிற அழகை வேலையை விட்டுவிட்டுப் பார்க்கலாம். டார்கெட்டைத் தாண்டிவிட்டால் பச்சை மார்க்கரில் கோழி முட்டை அளவுக்கு எண்ணைப் போட்டு, ரெண்டு அடி பின்னால் போய் நின்று ரசிப்பார். ரிஜெக்ட்டை மட்டும் ஓரமாக, எறும்பு மாதிரி எழுதுவார். அது ஏதோ வேறு லைன்காரன் செய்த தப்பு என்கிற மாதிரி இருக்கும்.

நான் மோகன். அதே லைனில் அவருக்குக் கீழே வேலை. ரெண்டு பேருக்கும் பிள்ளைப்பாக்கம்தான் ஊர், ஒரே வேனில் போய் வருகிறோம். எட்டு மணி நேரம் லைனில் எண் பார்த்தது போதாதென்று வேனிலும் அவருக்கு அதே பேச்சுதான். கூழ் வார்த்தலுக்கு எத்தனை பேர் வந்தார்கள், போன வருஷம் எத்தனை, இந்த வருஷம் எத்தனை ஏறியிருக்கிறது. மகள் ஐஸ்வர்யாவின் மார்க் ஏறினால் வேன் முழுக்க ஆரஞ்சு மிட்டாய். உலகத்தில் எந்த எண்ணாக இருந்தாலும் அது ஏற வேண்டும், ஏறினால் சந்தோஷம். மனிதரின் வேதாந்தம் அவ்வளவுதான்.

அவர் மனைவி கங்கா அண்ணி அதற்கு நேர் எதிர். எங்கள் கேட்டுக்கு எதிரே தள்ளுவண்டியில் டிபன் கடை. எத்தனை இட்லி விற்றது என்று அண்ணன் கேட்டால், "பானை காலியாச்சி, அத்தோட வுடு" என்பார். ஷிப்ட் முடிந்து வருகிற பையன்கள், வடக்கே இருந்து வந்த பிள்ளைகள், செக்யூரிட்டிகள் எல்லாருக்கும் அவர் வாயைக் கேட்டால்தான் இட்லி இறங்கும். அண்ணி காலையில் வண்டியைத் தள்ளினால் மதியம் வீடு திரும்புகிறவரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார். நான் ஒரு தரம் கேட்டேன்.

"குடிச்சா எங்க போறது மோகனு? இத்தினி கம்பெனி கீது, ரோட்ல நிக்கிற பொம்பளைக்கு ஒரு மறைவு கீதா?" என்றார்.

அதை எஸ்டேட்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

தை மாதக் கடைசியில் அவருக்கு இடுப்பு வலி வந்தது. அப்புறம் குளிர் ஜுரம். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கடையைத் திறந்தார். ஒருநாள் காலையில் நான் தோசை கேட்டேன். அண்ணி என்னையே வெறித்துப் பார்த்துவிட்டு, "நீ யாரு? எந்த ஊரு?" என்றார். வழக்கமான கிண்டல் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கை கால் வெடவெடவென்று நடுங்க, கரண்டி கீழே விழுந்தது. கேட்டுக்குள் ஓடி அண்ணனை இழுத்துக்கொண்டு வந்தேன்.

படப்பை பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் பிரவீனா என்று ஒரு பெண். சின்ன வயசு, தூக்கம் கெட்ட கண். பார்த்த உடனே ஐசியூவுக்குள் கொண்டுபோய்விட்டார். வெளியே வந்து அண்ணனிடம் பேசினார்.

"சிறுநீரகத்துல கல்லு அடைச்சிருக்கு சார். அங்க வந்த கிருமி ரத்தம் முழுக்கப் பரவிடுச்சு. செப்சிஸ்னு சொல்லுவோம். பிரஷர் நிக்கல. அடைப்புக்கு டியூப் வைக்கிறோம், மூச்சுக்கு மெஷின் வைக்கிறோம். கிரிட்டிக்கல்தான். இப்ப எதுவும் சொல்ல முடியாது."

மறுநாளும் அதையேதான் சொன்னார். கிரிட்டிக்கல்தான், சொல்ல முடியாது. வாயிலிருந்து இவ்வளவுதான் வரும் என்றால், வெளியே உட்கார்ந்திருக்கிற மனிதன் எதைப் பிடித்துக்கொண்டு உட்காருவான்? அண்ணன் போனைப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஆஸ்பத்திரியில் லேப் ரிப்போர்ட் ரெடியானதும் சேர்த்தவரின் போனுக்கு வந்துவிடும். டாக்டருக்கு முன்னால் சில சமயம் நமக்கு வந்துவிடுகிறது. ரத்தத்தில் என்னென்னவோ பார்த்து என்னென்னவோ எண் போட்டிருப்பார்கள். அண்ணனுக்கு ரத்த எண் புதிதில்லை. ஐஸ்வர்யாவுக்கு முன்பு டெங்கு வந்தபோது பிளேட்லெட் ஏறுகிறதா ஏறுகிறதா என்று தெருவே காத்துக்கிடந்தது. பப்பாளி இலைச் சாறு கொடுத்து, அது ஏறியதும் பட்டாசு ஒன்றுதான் வெடிக்கவில்லை. ஆக, ரத்தத்தில் எது ஏறினாலும் பிழைப்பு என்பது அவர் மண்டையில் அடித்து வைத்த ஆணி.

முதல் ரிப்போர்ட்டில் லாக்டேட் என்று ஒன்று, நாலு. அடுத்ததில் ஆறு. புரோகால்சிடோனின் என்று வாயில் நுழையாத ஒன்று, முப்பதிலிருந்து அறுபது. பக்கத்தில் சின்ன எழுத்தில், எவ்வளவு இருக்க வேண்டும் என்றும் போட்டிருந்தான். லாக்டேட்டுக்கு இரண்டு. ஒரு சாதாரண மனிதன் இதைப் பார்த்தால் பயப்படுவான், அல்லது யாரையாவது கேட்பான். போர்டு புருஷோத்தமன் என்ன செய்தார்? அந்த இரண்டை டார்கெட் என்று எடுத்துக்கொண்டார்.

"மோகனு! டார்கெட் ரெண்டு, இவ ஆறு அட்ச்சிக்கீறா! மூணு பங்கு!" என்று போனில் கத்தினார். நான் லைனில் நின்றுகொண்டு, சூப்பர்ணா என்றேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

ரிப்போர்ட்டைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். கைதட்டல், கும்பிடு, பூங்கொத்து. அண்ணியின் அண்ணன் கோதண்டம், ஊரில் ரியல் எஸ்டேட் புரோக்கர், பேச்சில் பெரிய புலி. அவர் "எங்க குடும்பத்து ரத்தம் லேசுப்பட்டதில்ல" என்று குரல் பதிவு அனுப்பினார். ஐசியூ வாசலில் இருந்தவர்களுக்கெல்லாம் அண்ணன் அதே ஆரஞ்சு மிட்டாயைக் கொடுத்தார். திருநெல்வேலிப் பக்கத்து நர்ஸ் இசக்கிசெல்விக்கும் ஒன்று. அந்தப் பெண் எதற்கு மிட்டாய் என்று புரியாமல், யாருக்காவது பிறந்தநாளாக்கும் என்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டது. உள்ளே அண்ணி சாகக் கிடந்த நாள் அதுதான்.

அதற்கடுத்த நாள் எண்கள் இறங்கின.

காலையில் லாக்டேட் நாலு. மதியம் மூன்று. அறுபது இருபதாகிவிட்டது. வெள்ளை அணு எண்ணிக்கையும் சரிந்துவிட்டது. டெங்கு காலத்திலிருந்து அண்ணனுக்கு உயிருக்குயிரான பிளேட்லெட்டோ ஏற்கெனவே குறைவாக இருந்தது, இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அண்ணன் மனசுக்குள் இருந்த பலகையில் எல்லாக் கட்டமும் சிவப்பு. அண்ணன் அந்த ரிப்போர்ட்டைக் குரூப்பில் போட்டார், கீழே ஒன்றும் எழுதவில்லை. யாரும் கைதட்டவில்லை.

கோதண்டம் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நானும் ஷிப்ட் முடிந்து அங்கேதான் இருந்தேன். ஐசியூ வாசலில் நின்று தீர்ப்புச் சொல்கிற குரலில் பேசினார்.

"மச்சான், எல்லாம் எறங்கிகினே போவுது. மெஷினாண்ட அநாதையாட்டம் போவணுமா எந்தங்கச்சி? வூட்டுக்கு இட்டுகினு போய்டலாம். நம்ம வூட்ல, நம்ம மடில போவட்டும்."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். இனி இல்லை என்று தெரிந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஆம்புலன்சில் வருகிற வழியிலேயே, அந்தத் தெரு வந்தாச்சு, இந்த ஏரி வந்தாச்சு என்று காதில் சொல்லிக்கொண்டே வருவார்கள். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோதண்டத்தின் வேகம் இருக்கிறதே! தங்கச்சிக்கு மூச்சு இருக்கும்போதே ஊருக்கு போன் போட்டு, பந்தல் போடுகிற சக்திகுமாரிடம் சாவுப் பந்தலுக்குச் சொல்லிவிட்டார். ஐஸ் பெட்டிக்கும் சொல்லியாகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அந்த லிஃப்டுக்குள் தள்ளிப் பூட்டியிருப்பேன்.

ஆனால் அண்ணன் தலையாட்டிவிட்டாரே. அண்ணனைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. "அவளுக்கு இருட்டுனா பயம் மோகனு. தனியா பட்த்துக்க மாட்டா. உள்ள அந்த டொய்ங் டொய்ங்குனு சத்தத்துல தனியா கீறா" என்றார். நான் அழுதுவிட்டேன்.

ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அண்ணன் உள்ளே போனார். நானும் கூடவே போனேன். இசக்கிசெல்வி அண்ணியின் கையில் ஏதோ ஊசிக்குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தது.

அண்ணன் குனிந்து, "கங்கா, வூட்டுக்குப் போலாமா?" என்றார்.

நர்ஸ் நிமிர்ந்தது. "எங்க கொண்டு போறிய அண்ணாச்சி? வேற ஆசுபத்திரிக்கா?"

"வூட்டுக்கும்மா."

"வீட்டுக்கா? எதுக்கு? நேத்தைக்குப் பாத்தா இன்னைக்கு நல்லாத்தான இருக்காவ!"

ஆறுதலுக்குச் சொல்கிறது என்று அண்ணன் அந்தப் பெண்ணைக் கும்பிட்டார். அது அவர் முகத்தைப் பார்த்தது, என் முகத்தைப் பார்த்தது, "செத்த நில்லுங்க" என்று சொல்லிவிட்டு ஓடியது. திரும்பி வரும்போது டாக்டர் பிரவீனா முன்னால் வந்தார், பின்னால் அது.

"ஏன் சார் கூட்டிட்டுப் போறீங்க? செலவு பிரச்சினையா? சொல்லுங்க, பேசலாம்."

"அதில்ல மேடம். எல்லாம் டவுனாயிடிச்சி."

"எது டவுனாயிடுச்சு?"

அண்ணன் போனை நீட்டினார். "இது ஆறு இருந்துச்சி மேடம். மூணுக்கு வந்துடிச்சி. இது அறுவது. இப்ப இருபதுதான். பாதிகூட இல்ல."

"ஆமா சார். அதுக்குத்தானே நாங்க ரெண்டு நாளா போராடுறோம்!"

"டார்கெட் ரெண்டுன்னு போட்டுக்கிது மேடம். அத்த தாண்டி நல்லாத்தான் போய்கினு இருந்திச்சி."

டாக்டர் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்களைத் திட்டுவதா சிரிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"அது டார்கெட் இல்ல சார். ரெண்டுக்குக் கீழ இருக்கணும்னு அர்த்தம். உடம்புல ரத்தம் சரியா ஓடாம திண்டாடுறப்ப சேர்றதுதான் லாக்டேட். இன்னொண்ணு, கிருமியோட ஆட்டம் கூடினா கூடும். ரெண்டும் எறங்குனா நல்லது."

அண்ணன் போனைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். திரும்பப் போனைப் பார்த்தார்.

"ரிஜெக்ட்டா மேடம்?"

"என்னது?"

"இது புரொடக்ஷன் கட்டம் இல்ல. ரிஜெக்ட் கட்டமா?"

டாக்டருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. கம்பெனிகள் நிறைந்த ஒரகடம் ரோட்டில் வைத்தியம் பார்க்கிறவர் அல்லவா, புரிந்துவிட்டது. "ஆமா சார். ரிஜெக்ட்தான்" என்றார்.

இருபது வருஷமாக மணிக்கொரு தரம் அந்தக் கட்டத்தை எறும்பு மாதிரி ஓரத்தில் எழுதிய மனிதர், ஐசியூ தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இசக்கிசெல்வி குனிந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தது.

கோதண்டம் விடுவாரா? வெளியே டாக்டரை மடக்கினார். "தெனமும் கிரிட்டிக்கல் கிரிட்டிக்கல்னுதானே சொன்னீங்க? நல்லாவுதுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

நியாயமான கேள்விதான். என் வாழ்க்கையில் கோதண்டம் கேட்ட ஒரே நியாயமான கேள்வி.

"சொல்லியிருக்கணும்" என்றார் டாக்டர். "நாளைக்கு மாறிடுச்சுன்னா என்ன பண்றதுன்னு பயந்து சொல்லல. இப்பவும் ஜோசியம் சொல்ல மாட்டேன். ஒரு நம்பரை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. எந்தப் பக்கம் போகுதுன்னு பார்க்கலாம், அவ்வளவுதான். இப்ப நல்ல பக்கம் திரும்பியிருக்கு. சிறுநீர் வர ஆரம்பிச்சிருக்கு. பிளேட்லெட் மட்டும் ஏறணும், அது இன்னும் ஏறல. பிழைச்சிடுவாங்கன்னு என்னால உறுதி குடுக்க முடியாது. ஆனா இன்னிக்கு மெஷினை எடுத்துட்டுக் கூட்டிட்டுப் போனீங்கன்னா, படப்பை தாண்டறதுக்குள்ள போயிடுவாங்க. அதுக்கு உறுதி குடுக்கிறேன்."

அந்த நேரம் பார்த்து கோதண்டத்தின் போன் அடித்தது. சக்திகுமார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் அந்த மனிதர், அதனால் எல்லாருக்கும் கேட்டது.

"ண்ணா, பந்தல் ரெடி. பொட்டியும் வந்துச்சி. பாடி எப்பண்ணா வருது?"

பின்னால் நாலு பெண்கள் ஒப்பாரி வைக்கிற சத்தம் நன்றாகக் கேட்டது. கோதண்டம் தொண்டையைக் கனைத்தார். "சக்தி, கொஞ்சம் வெய்ட் பண்ணு. பந்தல் ரெண்டு நாள் இருக்கட்டும், பாத்துகினு..."

அண்ணன் பாய்ந்து போனைப் பிடுங்கினார். கோபத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை, அன்றைக்குப் பார்த்தேன். "டேய்! இப்பவே பிரிடா! ஒரு கொம்பு இருக்கக்கூடாது! அந்தப் பொட்டில நீயே போய்ப் படுத்துக்க! அழுவுறவங்கள வாய மூடச் சொல்லு, எம்பொண்டாட்டி உயிரோட கீறா!"

ஒப்பாரி பாதியில் நின்றது.

அன்றிலிருந்து அண்ணன் ரிப்போர்ட் வந்தால் தானாகச் சந்தோஷப்படுவதை விட்டுவிட்டார். போனைத் தூக்கிக்கொண்டு இசக்கிசெல்வியிடம் ஓடுவார். "இது ஏறலாமா, எறங்கணுமா?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்பார். அந்தப் பெண்ணும் சலிக்காமல், இது இறங்கணும் அண்ணாச்சி, இது ஏறணும் அண்ணாச்சி, இது இரண்டுக்கும் நடுவுல நிக்கணும் அண்ணாச்சி என்று சொல்லும். நடுவில் நிற்க வேண்டிய எண்களும் உலகத்தில் உண்டு என்பதை அவரால் கடைசிவரை ஒப்புக்கொள்ள முடியவில்லை. லாக்டேட் இரண்டுக்குக் கீழே வந்தது. அதற்கப்புறம் பிளேட்லெட்டும் ஏறியது. டாக்டர் பிரவீனா தானாகவே வெளியே வந்து, "சார், இதுக்கு மிட்டாய் குடுக்கலாம்" என்றார். வாயில் இருந்த மூச்சுக் குழாயை எடுத்ததும் அண்ணி பேசிய முதல் வார்த்தை, "மாவு புளிச்சிருக்குமே" என்பதுதான். மாவு எந்தக் காலத்திலேயோ சாக்கடைக்குப் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று தெருவே நின்றது. ஐஸ்வர்யா ஆரத்தி எடுத்தாள். அன்றைக்கு ஒப்பாரி வைத்த நாலு பேரும் இப்போது முதல் வரிசையில் நின்று சிரித்தார்கள், மனுஷ ஜன்மம்! கோதண்டம் மாலையோடு வந்திருந்தார். அது எந்த விசேஷத்துக்கு வாங்கிய மாலையோ என்று நான் ஒரு தரம் உற்றுப் பார்த்துக்கொண்டேன்.

அண்ணி மெலிந்து பாதியாகியிருந்தார். காரிலிருந்து இறங்கி நாலு அடி வைத்தவர் நின்றுவிட்டார். வாசலில் நாலு குழி இருந்தது. சக்திகுமார் கொம்பைப் பிடுங்கினானே தவிர, குழியை மூடவில்லை.

"இன்னா குழி இது?"

கோதண்டம் வானத்தைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன். ஐஸ்வர்யா தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

அண்ணன்தான் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. ஆரஞ்சு மிட்டாய், டார்கெட், ஆம்புலன்ஸ், கையெழுத்து, பந்தல், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் அந்த வாசலிலேயே சொன்னார். அண்ணி முதலில் முறைத்தார். ஐஸ் பெட்டி வந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தார். "நான் சாவக் கெடக்கறப்ப முட்டாய் குட்த்த, நான் பொயைக்கறப்ப பந்தல் போட்டியா? நல்ல ஆளய்யா நீ!" என்றார். தெருவும் கூடச் சேர்ந்து சிரித்தது, கோதண்டம் உட்பட.

அப்புறம் சிரிப்பு நின்றது. "அன்னிக்கி இட்டுகினு வந்திருந்தா நான் செத்திருப்பேன் இல்ல?" என்று கேட்டார்.

"ஆமா" என்றார் அண்ணன். "தனியா கீறியேன்னுதான் கங்கா. தனியா போய்டுவியோன்னு."

அண்ணி கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

இப்போது கடை மறுபடி நடக்கிறது. கேட் செக்யூரிட்டி ரூமுக்குப் பின்னால் இருக்கிற டாய்லெட்டை டிபன் கடைப் பெண்களும் பயன்படுத்தலாம் என்று அண்ணன் எச்ஆரிடம் மல்லுக்கட்டி வாங்கிக்கொடுத்தார். பலகை எழுதுகிற கையாலேயே மனுவும் எழுதினார். வண்டியில் ஒரு சின்ன சிலேட்டு தொங்குகிறது. அண்ணி குடிக்கிற ஒவ்வொரு சொம்புத் தண்ணீருக்கும் அதில் ஒரு கோடு. டீ டைமில் அண்ணன் வந்து எண்ணிப் பார்ப்பார். அண்ணி குடிக்காமலேயே ரெண்டு கோடு கூடப் போட்டுவைப்பார். அது எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது. லைன் போர்டில் ரிஜெக்ட் எண் இப்போது மற்ற எண்களைவிடப் பெரிதாக இருக்கிறது. மேனேஜரே ஏன் என்று கேட்டுப் பார்த்தார். அண்ணன் அதை இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுதினார்.

வாசலில் மூன்று குழியை அண்ணன் மறுநாளே மண் போட்டு மூடிவிட்டார். நாலாவதை மூடப் போனபோது அண்ணி தடுத்துவிட்டார்.

"அது அப்டியே இருக்கட்டும்" என்றார். "நாளைக்கி வேற எத்தனா நம்பர பாத்துட்டு என்னைய வுட்டுட்டு ஆடுவ இல்ல, அப்ப வந்து இத்த பாரு."

அந்தக் குழி இன்னும் இருக்கிறது. காலையில் வேனைப் பிடிக்கிற அவசரத்தில் அண்ணன் வாரம் ஒருமுறையாவது அதில் காலை விட்டு, ஐயோ என்று நொண்டுவார். வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போகிற அண்ணி திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். வலிக்கிறது என்பார் அண்ணன், முகமெல்லாம் சிரிப்பாக.